கோழிக்கூடும் பாண் போறணையும்: அமெரிக்கக் குடியேற்றப் பண்ணை வாழ்வு – வரலாறும் நினைவும்

ஐக்கிய அமெரிக்க மக்களின் நினைவில் அழியாது நிலைபெற்றுவிட்ட காட்சிகளுள் ஒன்று பழைய பண்ணைக் குடும்பத்தின் இல்லமாகும். அகன்ற புல்வெளியின் நடுவே ஒரு சிறிய மரவீடு, முற்றத்திலே மேயும் கோழிகள், இரும்பு அடுப்பிலே வெந்துகொண்டிருக்கும் பாண், ஏர்பிடிக்கும் தந்தை, வெண்ணெய் கடையும் தாய், மாலையில் விளக்கொளியிற் கூடும் பிள்ளைகள். உழைப்பு, சிக்கனம், இறைபக்தி, பிறரிடம் கையேந்தாமை ஆகிய பண்புகளின் உறைவிடமாக இவ்வில்லம் போற்றப்படுகின்றது. நகர வாழ்விற் சலிப்புற்றோர் இன்றும் இதனையே இழந்துபோன பொற்காலமாக எண்ணி ஏங்குவர். அரசின் உதவியின்றி மனிதன் தன் காலில் நின்றான் என்பதற்கு இதனையே சான்றாகக் காட்டுவோரும் உளர்.

இக்காட்சி முற்றிலும் பொய்யானது என்று கூறிவிட முடியாது. அக்குடும்பங்களின் உழைப்பு உண்மையானது. அவை தாங்கிய துன்பங்களும் உண்மையானவை. ஆயின், அவ்வில்லம் எவற்றின் மீது நிலைகொண்டிருந்தது என்ற வினாவை எழுப்புமிடத்து, நினைவு மறைத்துவிட்ட சில செய்திகளை வரலாறு வெளிப்படுத்துகின்றது. அவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் பொருளாகும்.

சட்டமும் காணியும்

குடியேற்றப் பண்ணை என்பது முதற்கண் ஒரு சட்டத்தின் விளைவாகும். 1862 ஆம் ஆண்டு மே மாதம் 20 ஆந் திகதி ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட குடியேற்றக் காணிச் சட்டம், 21 வயது நிரம்பியவர் அல்லது குடும்பத் தலைவராயிருப்பவர் எவரும் 160 ஏக்கர் அரச காணிக்கு விண்ணப்பிக்க வழிசெய்தது. விண்ணப்பதாரி நாட்டின் குடிமகனாகவோ, குடியுரிமை பெறும் நோக்கத்தை அறிவித்தவராகவோ இருத்தல் வேண்டும். அரசுக்கெதிராக ஆயுதம் ஏந்தாதவராகவும் இருத்தல் வேண்டும். ஐந்தாண்டுகள் அக்காணியிலே வசித்து, வீடு கட்டிப் பயிரிட்டால், சிறுதொகைக் கட்டணத்துடன் உறுதி அவருக்கு உரியதாகும். விதவைகளும் மணமாகாத பெண்களும் இச்சட்டத்தின் கீழ்க் காணி பெறமுடிந்தமை அக்காலத்தில் அரிய உரிமையாகும். எனினும், கணவனோடு வாழும் பெண் குடும்பத் தலைவராகக் கருதப்படாமையால், அவள் தன் பெயரில் விண்ணப்பிக்க இடமிருக்கவில்லை. இவ்வேறுபாட்டின் விளைவைப் பின்னர்க் காண்போம்.

இச்சட்டத்தின் மூலம் காலப்போக்கில் ஏறத்தாழ 16 இலட்சம் உறுதிகள் வழங்கப்பட்டன. 27 கோடி ஏக்கர் அளவான நிலம், அதாவது நாட்டின் மொத்த நிலப்பரப்பிற் பத்திலொரு பங்கு, தனியார் கைக்கு மாறியது. அலாஸ்கா தவிர்ந்த பகுதிகளில் 1976 ஆம் ஆண்டிலும், அலாஸ்காவில் 1986 ஆம் ஆண்டிலுமே இம்முறை முடிவுக்கு வந்தது.

1862 ஆம் ஆண்டின் ஏனைய சட்டங்களையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். அவ்வாண்டிலேயே விவசாயத் திணைக்களம் தாபிக்கப்பட்டது; பசிபிக் கரைவரை புகையிரதப் பாதை அமைக்கும் கம்பனிகளுக்குப் பெருமளவு காணி வழங்கும் சட்டம் நிறைவேறியது; விவசாயக் கல்லூரிகளுக்குக் காணி மானியம் அளிக்கும் சட்டமும் நிறைவேறியது. காணி, போக்குவரத்து, அறிவு ஆகிய மூன்றையும் அரசே அளித்தது. தனித்து நின்ற மரவீடு எனக் காண்போருக்குத் தோன்றியது, உண்மையில் அரசின் பெருந்திட்டமொன்றின் இறுதிக் கண்ணியாகும்.

நிலத்தின் முன்னைய உரிமையாளர்

அரசு வழங்கிய காணி வெறுமையாகக் கிடந்த காணியன்று. 1862 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், மினசோற்றா மாநிலத்தில் வாழ்ந்த டக்கோற்றா மக்கள், உடன்படிக்கைப்படி தமக்கு வரவேண்டிய பணமும் உணவும் கிடையாது பட்டினியுற்ற நிலையிற் போரில் இறங்கினர். போர் ஒடுக்கப்பட்டது. டிசம்பர் 26 ஆந் திகதி மங்கேற்றோ நகரில் டக்கோற்றா ஆடவர் 38 பேர் ஒரே வேளையில் தூக்கிலிடப்பட்டனர். அதற்கு ஆறு நாட்களின் பின்னர், 1863 சனவரி முதலாந் திகதி, குடியேற்றக் காணிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே டக்கோற்றா மக்களை மினசோற்றாவிலிருந்து வெளியேற்றும் சட்டமும் இயற்றப்பட்டது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் அமெரிக்கப் பாடநூல்கள் நெடுங்காலம் வெவ்வேறு அத்தியாயங்களிலேயே கூறி வந்தன.

பின்னர் 1887 ஆம் ஆண்டின் டோஸ் சட்டம் பழங்குடியினரின் பொதுநிலங்களைத் தனித்தனிப் பங்குகளாகப் பிரித்து, எஞ்சியதைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டது. பழங்குடியினரையும் சிறுபண்ணையாளராக்கி ‘நாகரிகப்படுத்துவதே’ அதன் நோக்கமெனக் கூறப்பட்டது. அவ்வாண்டில் 13 கோடியே 80 இலட்சம் ஏக்கராயிருந்த அவர்தம் நிலம், 1934 ஆம் ஆண்டில் 4 கோடியே 80 இலட்சம் ஏக்கராகச் சுருங்கியது. பண்ணை வாழ்வின் நற்பண்புகள் என்ற அதே கருத்தே, ஒருசாராருக்குக் காணியை வழங்கவும் மறுசாராரிடமிருந்து அதனைப் பறிக்கவும் நியாயமாகப் பயன்பட்டமை மனங்கொள்ளத்தக்கது.

கோழியும் பாணும்

இனி, வீட்டினுள்ளே நோக்குவோம். பண்ணையின் ஆண்டுக் கணக்கிலே முதலிடம் பெற்றது கோதுமை அல்லது சோளம். அது ஆண்டுக்கு ஒருமுறை விற்கப்பட்டது. கிடைத்த பணம் காணி ஈட்டுக்கும் பொறிகளின் கடனுக்கும் சென்றது. ஆனால் குடும்பத்துக்குக் கோப்பியும் சீனியும் உப்பும் மண்ணெண்ணெயும் துணியும் கிழமைதோறும் வேண்டியிருந்தன. இவற்றைக் கொணர்ந்தவை பெரும்பாலும் முட்டையும் வெண்ணெயுமே. மனைவி முட்டைகளைக் கூடையிலிட்டுக் கடைக்கு அனுப்புவாள். கடைக்காரர் அவற்றின் பெறுமதிக்குப் பண்டங்களைக் கொடுப்பார். ‘முட்டைக் காசு’ என வழங்கிய இவ்வருவாய், மனைவியின் சில்லறைச் செலவுப் பணமென்றே இலேசாகப் பேசப்பட்டது. ஆயின், வறட்சியோ வெட்டுக்கிளியோ விளைச்சலை அழித்த ஆண்டுகளிற் பல குடும்பங்களைக் காத்தது இதுவே.

கோழிவளர்ப்பு நுணுக்கமான தொழிலாகும். பகற்பொழுது குறுகும் குளிர்காலத்திற் கோழிகள் முட்டையிடுவது குறையும். அதனால் அக்காலத்தில் முட்டையின் விலை உயரும். கூட்டைக் குளிர்காற்றுப் புகாது காத்து, ஏற்ற தீனியிட்டு, வயதான கோழிகளை வேளையறிந்து கழித்துக் குளிர்காலத்திலும் முட்டை பெற வல்லவளே தேர்ந்த கோழி வளர்ப்பாளாகக் கருதப்பட்டாள். எக்கோழியை அடைவைப்பது, எதனைச் சட்டிக்கு அனுப்புவது என்பன அவளது தீர்ப்புக்கு உரியவை. காணி உறுதியிலே பெயரில்லாதவள், காணியை ஈட்டிலிருந்து காப்பாற்றும் வருவாயைத் தேடித்தந்தாள் என்பதே இதன் முரண்பாடு.

பாண் சுடுதலும் அவ்வாறானதே. புளித்த மாவை ஒரு பாத்திரத்திற் குளிரிலே கெடாது பேணி, அதைக் கொண்டே அடுத்த முறைக்குரிய மாவைப் பொங்கவைத்தனர். மரங்களற்ற புல்வெளியில் விறகு கிடையாமையால், எருமை வரட்டியையும் முறுக்கிய வைக்கோலையும் எரித்தனர். இவை அவர்தம் அறிவுத் திறனுக்குச் சான்றாவன. எனினும், இரும்பு அடுப்பு தொழிற்சாலையிற் செய்யப்பட்டது. மாவோ காலப்போக்கில் மினியாப்பொலிஸ் நகரின் பெரும் ஆலைகளில் அரைக்கப்பட்டுப் புகையிரதத்தில் வரலாயிற்று. மாச்சாக்கின் துணி பிள்ளைகளின் சட்டையாயிற்று. கைத்தொழில் வளர்ச்சியும் வீட்டுச் சிக்கனமும் ஒரே சமையலறையில் இணைந்திருந்தன.

ஒரு குடும்பத்தின் சான்று

இவ்வுண்மைகள் யாவற்றையும் ஒரு குடும்பத்தின் வரலாற்றிலே தெளிவாகக் காணலாம். பண்ணை வாழ்வு பற்றிய அமெரிக்க நினைவைப் பெரிதும் உருவாக்கியவர் லோறா இங்கல்ஸ் வைல்டர். 1932 முதல் 1943 வரை வெளிவந்த அவரது எட்டு நாவல்கள் தலைமுறை தலைமுறையாகச் சிறுவராற் படிக்கப்பட்டன. 1974 முதல் 1983 வரை அவற்றைத் தழுவிய தொலைக்காட்சித் தொடரும் ஒளிபரப்பாகியது.

1867 ஆம் ஆண்டு விஸ்கொன்சினிற் பிறந்த லோறாவின் குடும்பம், 1869 ஆம் ஆண்டிற் கன்சாசிற் குடியேறியது. அந்நிலம் அப்பொழுது ஓசேஜ் மக்களுக்குரிய ஒதுக்கு நிலமாகும். சட்டப்படி அங்கு குடியேற அக்குடும்பத்துக்கு உரிமையில்லை. 1871 ஆம் ஆண்டில் அவ்விடம் விட்டு நீங்கி, பின்னர் மினசோற்றாவுக்குச் சென்றனர். அங்கு வெட்டுக்கிளிகள் பயிரை அழித்தன. தந்தை கூலிவேலை தேடி நெடுந்தொலைவு செல்ல நேர்ந்தது. 1880 ஆம் ஆண்டில் டக்கோற்றாப் பிரதேசத்து டி ஸ்மெற் என்னும் ஊரருகே தந்தை குடியேற்றக் காணிக்கு விண்ணப்பித்தார். அவ்வாண்டு தொடங்கிய கடுங்குளிர்காலத்திற் பனி மூடியதாற் புகையிரதம் பல மாதங்கள் ஓடவில்லை. மாவும் எரிபொருளும் வராமையால், மக்கள் கோப்பி அரைக்கும் சிறு பொறியிற் கோதுமையை அரைத்துப் பாண் சுட்டனர். இந்நிகழ்ச்சி மனவுறுதிக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுவது வழக்கம். அத்துடன், தன்னிறைவு பெற்றதாகக் கருதப்பட்ட அவ்வூர் புகையிரதத்தை எத்துணை சார்ந்திருந்தது என்பதையும் அது காட்டுகின்றது.

லோறாவின் தமக்கை மேரி 1879 ஆம் ஆண்டிற் பார்வையிழந்தார். 1881 முதல் அயோவா மாநிலத்துப் பார்வையற்றோர் கல்லூரியில் அவர் பயின்றார். நாவல்களில் இக்கல்வி குடும்பத்தாரின் உழைப்பாலும் லோறாவின் ஆசிரியச் சம்பளத்தாலுமே கைகூடியதாகச் சித்திரிக்கப்படுகின்றது. உண்மையில், கற்கைச் செலவை டக்கோற்றாப் பிரதேச அரசே ஏற்றது. நாவல் இதனைக் கூறவில்லை.

1885 இல் அல்மான்சோ வைல்டரை மணந்த லோறாவின் முதலாண்டுகள் துயரம் நிறைந்தவை. தொண்டைக்கரப்பான் நோய், வறட்சி, கடன், பச்சிளங் குழந்தையின் மரணம், வீடு தீக்கிரையானமை ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1894 ஆம் ஆண்டில் அவர்கள் மிசூரி மாநிலத்து மான்ஸ்பீல்டுக்குப் பெயர்ந்து, புதிதாக ஒரு பண்ணையை விலைக்கு வாங்கினர். அங்கே லோறா கோழிவளர்ப்பிற் புகழ்பெற்றார். எழுத்தாளராவதற்கு வழிதிறந்ததும் அப்புகழே. 1911 முதல் ‘மிசூரி றூறலிஸ்ற்’ என்னும் விவசாயப் பத்திரிகையில் அவர் எழுதலானார். 1916 ஆம் ஆண்டின் கூட்டாட்சிப் பண்ணைக் கடன் சட்டத்தின் கீழ் அமைந்த உள்ளூர்க் கடன் சங்கத்துக்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் செயலாளராகவும் பொருளாளராகவும் இருந்து, அயலிலுள்ள பண்ணையாளருக்கு அரச ஆதரவுடனான குறைந்த வட்டிக் கடன் கிடைக்க உதவினார். கோழிக்கூடையும் கணக்கேட்டையும் ஒருங்கே பேணிய இம்மூதாட்டியின் உண்மை வாழ்க்கை, அவரது நாவல்களினும் செறிவானது எனலாம்.

நினைவு உருவான காலம்

நாவல்கள் எழுந்த காலம் இங்கு முக்கியமானது. 1930 களிற் பொருளாதார மந்தம் நாட்டை வாட்டியது. புழுதிப் புயல்கள் புல்வெளிப் பண்ணைகளை அழித்தன. ஜனாதிபதி றூஸ்வெல்ற்றின் நிவாரணத் திட்டங்கள் பற்றிய கடும் விவாதம் நிகழ்ந்தது. நாவல்களைச் செப்பனிடுவதிற் பெரும்பங்கு கொண்ட லோறாவின் மகள் றோஸ் வைல்டர் லேன், அத்திட்டங்களின் தீவிர எதிர்ப்பாளர். தாயும் அவற்றை விரும்பவில்லை. ஆகவே, பழைய இல்லம் பற்றிய நினைவு, அரசின் உதவி கூடாதென்னும் வாதத்தின் நிழலிலேயே எழுத்துருப் பெற்றது. மேரியின் கல்விச் செலவு மறைந்தமையை இப்பின்னணியில் வைத்து நோக்குதல் பொருத்தமானது.

அதே காலத்திற்றான் அவ்வாழ்வின் அடிப்படைகளும் சிதைந்துகொண்டிருந்தன. 1923 ஆம் ஆண்டு டெலவெயர் மாநிலத்துப் பெண்ணான சிசில் ஸ்ரீல், முட்டைக்காக 50 குஞ்சுகளுக்குக் கட்டளையிட்டார். தவறுதலாக 500 வந்தன. அவற்றை அவர் இறைச்சிக்காக வளர்த்து இலாபத்துடன் விற்றார். இறைச்சிக் கோழிக் கைத்தொழிலின் தொடக்கம் இதுவெனக் கூறுவர். வீட்டுப் பெண்ணின் முற்றத்தில் முளைத்த அத்தொழில், சில பத்தாண்டுகளிற் பெருங் கம்பனிகளின் கைக்குச் சென்றது. முட்டைக் காசும் மறைந்தது. 1928 ஆம் ஆண்டில், லோறா வாழ்ந்த அதே மிசூரி மாநிலத்தின் சிலிக்கொதி நகரில், பொறியால் வெட்டிய பாண் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. கோழிக்கூடும் போறணையும் அன்றாடத் தேவையாயிருந்த நிலை மாறியபோதே அவை அறத்தின் சின்னங்களாக உயர்ந்தன.

2018 ஆம் ஆண்டில், அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறுவர் நூலகப் பிரிவு, 1954 முதல் லோறாவின் பெயரால் வழங்கிய விருதின் பெயரை மாற்றியது. பழங்குடியினரையும் கறுப்பின மக்களையும் அவர் நூல்கள் சித்திரித்த முறையே அதற்குக் காரணம். இது நன்றியற்ற செயலெனச் சிலர் வருந்தினர்; காலந்தாழ்ந்த நீதியெனச் சிலர் வரவேற்றனர். நூல்களைப் படிப்பதை எவரும் தடைசெய்யவில்லை. அவற்றை வரலாறாக ஏற்பதா, வரலாற்றினிடையே எழுந்த ஒரு குரலாக ஏற்பதா என்பதே வினா.

பண்ணை இல்லத்தின் பழம் பண்புகள் போற்றத்தக்கவையே. ஆயின் அவை எந்நாளும் தனித்து வாழ்ந்தோரின் பண்புகளாக இருந்ததில்லை. அரசு தந்த காணி, டக்கோற்றா, ஓசேஜ் மக்கள் இழந்த நிலம், தூரத்து ஆலையில் அரைபட்ட மா, உறுதியிற் பெயர் எழுதப்படாத பெண்ணின் முட்டைக் கூடை ஆகிய யாவும் சேர்ந்தே அவ்வடுப்பை எரியச் செய்தன. சிக்கனத்தைத் தலையாய அறமாகப் போற்றிய அவ்வில்லத்தின் வரலாற்றை எழுதுவோர், அதன் கடன்களையும் கணக்கில் எழுதுதல் முறையாகும்.