ஓட இயலாத மரம்

திருவண்ணாமலைக் கோயிலின் தலமரம் மகிழமரம். கோடையில் நாம் அதன் நிழலில் ஒதுங்குகின்றோம். மரம் எங்கே ஒதுங்கும்? நின்ற இடத்திலேயே வெயிலைத் தாங்குதல் வேண்டும். அத்தாங்குதலின் மறைபொருளை அறிவியல் அறிந்த வரலாறு ஒரு குடல் நுண்ணுயிரில் தொடங்குகிறது. பிற மரபணுக்களை அடக்கி ஆளும் 'ஒழுங்குபடுத்தும் மரபணு' அதனுள் உண்டென 1961-இல் பிரெஞ்சு அறிஞர் ஜாக்கோப்பும் மோனோவும் காட்டினர். 1998-இல் ஜப்பானிய அறிஞர், கடுகினச் சிறுசெடியொன்றில், குளிரும் வறட்சியும் வந்தால் காப்பு மரபணுக்களைத் தட்டியெழுப்பும் புரதங்களைக் கண்டனர்.

கனிமரத்தின் முறை பின்னர் வந்தது. பீச் மரத்தின் அத்தகைய மரபணுவை ஆப்பிளில் புகுத்திய அமெரிக்க ஆய்வு 2011-இல் வெளியாயிற்று. மரம் கடுங்குளிரைத் தாங்கிற்று. ஆனால், பகற்பொழுது குறுகியதுமே வளர்ச்சியை நிறுத்தி உறங்கத் தலைப்பட்டது! காவலுக்கும் விலை உண்டு போலும். நம் மாந்தோப்புகளோ தாங்கவும் வேண்டும், காய்க்கவும் வேண்டும். அல்போன்சா மாவின் மரபணுத்தொகுதி 2020-இல் வெளியிடப்பட்டுள்ளது. விளைச்சல் குன்றாமல் அதன் காவலை வலுப்படுத்தலாகுமா என்பதே கேள்வி.