கற்பிப்போர் ஊதியமும் கருவிகளின் செலவும்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் இல்லத்திலேயே கல்வி புகட்டும் முறை, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஐம்பது மாநிலங்களிலும் 1993-ஆம் ஆண்டளவில் சட்டத்தின் ஏற்பைப் பெற்றுவிட்டது. அங்கு வாழும் முஸ்லிம் குடும்பங்களிலும் இம்முறையை மேற்கொண்டோர் உண்டு. மொழி, வரலாறு, கணக்கு ஆகியவற்றைத் தாய் தந்தையரே கற்பித்துவிடலாம். அறிவியல் செய்முறைப் பாடம் வரும்போதுதான் இடர் தோன்றுகிறது. நுண்ணோக்கியும் கண்ணாடிக் குடுவைகளும் அமிலங்களும் எல்லார் வீட்டிலும் இரா. எனவே பெற்றோர் சிலர் ஒன்றுகூடித் தகுதியுடைய ஓர் ஆசிரியரை அமர்த்திக்கொள்கின்றனர். அப்போது, 'இவ்வகுப்புக்கு எவ்வளவு கட்டணம் நியாயமானது?' என்னும் வினா எழுகிறது. மிகுதியாகக் கேட்டால் வறிய வீட்டுப் பிள்ளை வாசலிலேயே நின்றுவிடும். மிகக் குறைத்தால் ஆசிரியர் சில திங்களுக்குள் வகுப்பை மூடிவிடுவார்.

இவ்வினா புதியதன்று. நம் முன்னோர் இதனைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே எதிர்கொண்டு, சட்ட நுணுக்கத்தோடும் மனித நேயத்தோடும் ஆராய்ந்துள்ளனர். அவர்கள் கண்ட விடைகளை இங்கு நினைவுகூர்வோம்.

இஸ்லாமிய வரலாற்றில் கற்பிக்கும் உழைப்புக்கு மதிப்பு வைக்கப்பட்ட முதல் நிகழ்ச்சிகளுள் ஒன்று பத்ருப் போருக்குப் பின் நிகழ்ந்தது. கி.பி. 624-இல் சிறைப்பட்ட மக்காவாசிகள் பணயத் தொகை செலுத்தி விடுதலை பெற்றனர். பொருளற்றவர்களாயினும் எழுதத் தெரிந்தவர்கள், மதீனாச் சிறுவர் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்பித்தால் அதுவே பணயமாகும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இசைவளித்தார்கள். பிறர் பெரும்பொருள் கொடுத்துப் பெற்ற விடுதலையை இவர்கள் கற்பித்தலால் பெற்றனர். கற்பித்தல் ஓர் உழைப்பு. உழைப்புக்கு ஈடு உண்டு என்பது இதனால் விளங்கும்.

திருக்குர்ஆனைக் கற்பிக்க ஊதியம் பெறலாமா என்பதில் சட்ட அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருந்தது. தொடக்க கால ஹனஃபி அறிஞர்கள் அதனை ஏற்கவில்லை. பிற்காலத்தவர், கற்பிப்போர் அருகிவிடக் கூடும் என்று அஞ்சி அதனை அனுமதித்தனர். எழுத்து, கணக்கு முதலிய கலைகளில் இத்தகைய தயக்கம் பொதுவாக இருந்ததில்லை. 'ஊதியம் கூடுமா?' என்பதைவிட 'எவ்வளவு, எதற்காக, யார் கொடுப்பது?' என்பனவே அங்கு வினாக்களாயின.

இவ்வினாக்களுக்கு நேரிய விடை தந்தவர்களுள் கைரவான் நகரத்து முஹம்மத் இப்னு ஸஹ்னூன் குறிப்பிடத்தக்கவர். கி.பி. 870-இல் மறைந்த இவர், தம் தந்தை இமாம் ஸஹ்னூனின் தீர்ப்புகளைத் தழுவி, ஆசிரியர்க்குரிய ஒழுக்கங்களைப் பற்றி 'ஆதாபுல் முஅல்லிமீன்' என்னும் சிறு நூலை யாத்தார். அதில் காணும் இரண்டு விதிகள் நமக்குப் பெரிதும் பயன்படுவன. முதலாவது: கணக்குக் கற்பிப்பது ஆசிரியருக்கு நல்லதாயினும், முன்கூட்டியே உடன்படிக்கை செய்தாலன்றி அது அவர்மீது கடமையாகாது. எந்தப் பாடம், எந்த அளவு என்பது முதலிலேயே பேசி முடிக்கப்பட வேண்டும் என்பது இதன் கருத்து. இரண்டாவது இன்னும் நுட்பமானது. ஆசிரியர் தாமே பள்ளி நடத்தி வருவோரையெல்லாம் சேர்த்துக்கொண்டால், இடத்தின் வாடகை அவருடையது. பிள்ளைகள்மீது அதனைச் சுமத்தலாகாது. குறிப்பிட்ட சில பிள்ளைகளுக்காக, குறிப்பிட்ட ஓர் ஆண்டுக்கு, பெற்றோரே அவரை அமர்த்திக்கொண்டால், இட வாடகை பெற்றோரைச் சாரும். தொழிலை நடத்துபவர் எவரோ அவரே அதன் நிலைச் செலவை ஏற்க வேண்டும் என்னும் நியாயம் இதில் அடங்கியுள்ளது. இன்று பெற்றோர் கூடி நடத்தும் வகுப்புக்கும், ஆசிரியர் தம் பொறுப்பில் நடத்தும் வகுப்புக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எடுத்துரைப்பது அரிது.

ஊதியத்தின் அளவு பற்றி வரலாறு இருவேறு நிகழ்ச்சிகளைத் தருகிறது. ஹிஜ்ரி 3-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் கண்ணாடி கடைந்து பிழைத்த இளைஞர் ஒருவர் இருந்தார். பிற்காலத்தில் இலக்கண மேதை அஸ்ஸஜ்ஜாஜ் எனப் புகழ்பெற்றவர் இவரே. இவரது நாள் வருவாய் ஒன்றரைத் திர்ஹத்தை எட்டுவதே அரிது. ஊதியமின்றிக் கற்பிக்காதவர் எனப் பெயர்பெற்ற அல்முபர்ரதிடம் சென்று, நாள்தோறும் ஒரு திர்ஹம் தருவதாகவும் அதனை வாழ்நாள் முழுதும் தொடர்வதாகவும் வாக்களித்தார். தம் வருவாயில் மூன்றில் இரு பங்குக்குக் குறையாத தொகை அது. ஆசிரியர் இசைந்து முழுமனத்தோடு கற்பித்தார். மாணவருக்கு நல்ல வேலை ஒன்றையும் தேடித் தந்தார். வேலை கிடைத்த பின்னரும் மாணவர் திங்கள்தோறும் முப்பது திர்ஹம் அனுப்பி வந்தார். இருவரும் வாக்குத் தவறவில்லை. ஆயினும் நாம் ஒன்றைக் கேட்டாக வேண்டும்: நாள் வருவாயில் பெரும்பகுதியை ஈந்து கற்கும் உறுதி எத்தனை பேருக்கு வாய்க்கும்? அஸ்ஸஜ்ஜாஜைப் போன்ற ஒருவர் வென்றதை வரலாறு எழுதிவைத்தது; கட்டணம் கேட்டுத் திரும்பிப் போனவர்களை அது எழுதிவைக்கவில்லை.

மற்றொரு நிகழ்ச்சி ஒளியியல் மேதை இப்னு அல்ஹைதமைப் பற்றியது. இருட்டறையில் ஒளிக்கற்றையைச் செலுத்திச் சோதித்து உண்மை கண்ட இவர், எகிப்தில் ஆண்டுதோறும் யூக்ளிட், தாலமி முதலியோரின் நூல்களைப் படியெடுத்து, 150 தீனாருக்கு விற்று அதனைக்கொண்டே வாழ்ந்தார் என்று இப்னுல் கிஃப்தி எழுதுகிறார். ஸம்னான் பகுதிச் சிற்றரசர் ஸுர்காப் இவரிடம் கல்வி கற்க வந்தபோது, திங்களுக்கு 100 தீனார் கேட்டதாக அல்பைஹகீ பதிவு செய்துள்ளார். ஆண்டுக்கு 1,200 தீனார். நூல் படியெடுத்த வருவாயைப்போல் எட்டு மடங்கு. மூன்றாண்டுகள் கற்று அவர் விடைபெற்றபோது, இப்னு அல்ஹைதம் அத்தொகை முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். செல்வரின் கல்வி வேட்கை மெய்யானதா என்று அறியவே கட்டணம் விதித்ததாகக் கூறினாராம்.

இச்செய்தி உள்ளத்தைத் தொடுவதே. எனினும் பொதுவிதி ஆகத்தக்கதன்று. படியெடுத்துப் பிழைக்கத் தெரிந்த அறிஞர் பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம். கற்பித்தலையே பிழைப்பாகக் கொண்டவரிடம் நாம் அதனை எதிர்பார்ப்பது நீதியாகாது. பிறருடைய தியாகத்தைக் கணக்கில் வைத்து நாம் கட்டணத்தைக் குறைப்பது, கூலி கொடாமல் வேலை வாங்குவதற்கு ஒப்பாகும்.

அப்படியாயின் அளவுகோல் யாது? மதீனாவில் விலைவாசி ஏறியபோது விலையை நிர்ணயிக்குமாறு மக்கள் வேண்ட, எவருக்கும் அநீதி இழைத்துவிடக் கூடாது என்று அஞ்சி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். பின்னர் இமாம் இப்னு தைமிய்யா (1263-1328) தம் ஹிஸ்பா நூலில் இதற்கு விளக்கம் கூறுகையில், மக்களுக்கு இன்றியமையாத தொழிலைச் செய்வோர் அளவுமீறிக் கூலி கேட்டால், ஒத்த பணிக்கு ஒத்த கூலியை, அதாவது 'உஜ்ரத்துல் மிஸ்ல்' எனப்படுவதை, ஆட்சியாளர் வரையறுக்கலாம் என்றார். தொழிலாளிக்கும் அநீதியில்லை, தேவையுடையோர்க்கும் அநீதியில்லை. அவ்வூரில் அத்தகுதியுடையார் அத்தகைய வேலைக்குப் பெறுவது எதுவோ அதுவே நியாயம்.

கருவிகளின் செலவு ஒன்று எஞ்சி நிற்கிறது. இதற்கு வக்ஃபு வழி கண்டது. 1259-இல் மராகாவில் எழுந்த வானாய்வுக் கூடத்தின் பெருஞ்செலவுக்கு, நஸீருத்தீன் அத்தூஸியின் பொறுப்பில் வைக்கப்பட்ட வக்ஃபு வருவாய் துணைநின்றது. அதற்கும் முன்னர், திமிஷ்க் நகரின் புகழ்வாய்ந்த மருத்துவர் அத்தக்வார் (இறப்பு 1230) தாம் குடியிருந்த வீட்டையே மருத்துவக் கல்விக்கூடமாக வக்ஃபு செய்தார். இடச்செலவு என்றென்றைக்குமாகத் தீர்ந்தது. மருத்துவம் கற்க வருவோர்க்கு அவ்வீட்டின் வாசல் திறந்தே இருந்தது.

இவற்றை ஒன்றுசேர்த்து நோக்கின், முன்னோர் மூன்று பொருள்களை வேறுபிரித்தனர் என்பது புலனாகும். ஆசிரியரின் உழைப்புக்கு ஒத்த கூலி, இடத்துக்கும் கருவிக்கும் பொறுப்பேற்றவரின் செலவு, இயன்றால் அறக்கொடை, அறிவுக்கோ விலையில்லை. இன்றைய வகுப்புக்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். நம் நாணயத்தில் கற்பனையாக ஒரு கணக்கு: ஆசிரியரின் ஊதியம், முன்னேற்பாட்டுக்கும் கருவிகளைக் கழுவி வைப்பதற்கும் சேர்த்து, வகுப்புக்கு 2,000 ரூபாய். 24,000 ரூபாய்க் கருவிகள் நான்காண்டுகளில் 160 வகுப்புகளுக்கு உழைத்தால், வகுப்புக்கு 150 ரூபாய். தீர்ந்துபோகும் வேதிப்பொருள்களுக்குப் பிள்ளை ஒன்றுக்கு 100 ரூபாய். பத்துப் பிள்ளைகள் இருந்தால் தலைக்கு 315 ரூபாய். ஐவரே இருந்தால் 530 ரூபாய். ஊதியத்தில் கைவைக்காமலே, எண்ணிக்கையால் மட்டும் இத்துணை மாற்றம். கருவிகளை எவரேனும் வக்ஃபாக அளித்தால் மேலும் சிறிது குறையும். செல்வர் ஒருவர் இரு பிள்ளைகளின் பங்கை ஏற்றால் வறியவர் இருவர் கட்டணமின்றிக் கற்பர்.

இக்கணக்கைப் பெற்றோர் முன்னிலையில் விரித்து வைக்கும் ஆசிரியர்மீது ஐயம் எழாது. அதனைக் கண்ட பெற்றோரும் பேரம் பேச நாணுவர். கட்டணத்தைக் குறைக்க விரும்புவோர் ஆசிரியரின் கூலியை நாடாமல், மற்றொரு பிள்ளையைச் சேர்ப்பதையும் ஒரு நுண்ணோக்கியை அறமாக அளிப்பதையும் நாடுவார்களாக.