துரூயிதர் வட்டம்: ஒரு பெயரும் அது மறைத்த வரலாறும்

வேல்ஸ் நாட்டின் வடகரையிலே, பென்மைன்மவுர் என்னும் சிற்றூருக்கு மேலாக, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீற்றர் உயரமான மேட்டுநிலத்தில் ஒரு கல்வட்டம் உண்டு. ஆங்கிலத்தில் அது 'துரூயிதர் வட்டம்' என வழங்கும். வேல்ஸ் மொழியில் அதன் பெயர் 'மெய்னி ஹிரியொன்', அதாவது 'நெடுங்கற்கள்'. இவ்விரு பெயர்களுக்குமிடையே ஒரு வரலாற்றுப் பிரச்சினை அடங்கியுள்ளது.

நாம் அங்கு சென்றபோது கடற்காற்று ஓயாது வீசியது. ஏறத்தாழ 25 மீற்றர் விட்டமுடைய அவ்வட்டத்தின் கற்களிற் சில ஆளுயரத்துக்கு நிமிர்ந்து நின்றன. பல சாய்ந்தும் வீழ்ந்தும் கிடந்தன. வடமேற்கே அங்கிள்சித் தீவு தெரிந்தது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோமப் படைகள் துரூயிதப் பூசகரைத் தாக்கியதாக தாசித்தசு குறிப்பிடுவது அத்தீவிலேயே. ஆயின் இவ்வட்டமோ அப்பூசகர் பற்றிய சான்றுகளுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக முற்பட்டது. கல்வட்டங்களைத் துரூயிதரோடு இணைத்தவர்கள் 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளின் பழம்பொருளாராய்ச்சியாளரான ஜோன் ஓப்ரியும் வில்லியம் ஸ்ரூக்லியுமாவர். 1792இல் இயோலோ மோர்கனுக் இலண்டனில் நடத்திய 'கோர்செத்' சடங்கு அக்கற்பனைக்குத் தேசிய வடிவமளித்தது. அதனைப் பொய்யெனத் தள்ளிவிடுவதோடு ஆய்வாளன் கடமை முடிவதில்லை. ஆங்கில மேலாதிக்கத்தின்கீழ் வாழ்ந்த ஒரு சிறுதேசிய இனம் தனக்கெனத் தொன்மையொன்றை வேண்டிநின்றமையும் வரலாறே.

1958இல் நடந்த அகழ்வாராய்ச்சி வேறொரு செய்தியைக் கூறிற்று. வட்டத்தினுள்ளே எரியூட்டப்பெற்ற சிறுவர் எலும்புகள் தாழிகளிற் கிடைத்தன. வெண்கலக் கத்தியொன்றும் கிடைத்தது. இதனால் நரபலி பற்றிய ஊகம் எழுந்தது. எனினும் எரித்த எலும்பைத் தாழியிலிட்டுப் புதைத்தல் அக்காலப் பிரித்தானியாவிற் பரவலான ஈமமுறையாகும். பிள்ளைகள் எவ்வாறு இறந்தனர் என்பதை இவ்வெலும்புகள் கூறவில்லை. அவர்கள் பேணி அடக்கப்பட்டனர் என்பதையே கூறுகின்றன.

அருகிலுள்ள கிரைக் லுவிட் சரிவிலே புதிய கற்காலக் கோடரித் தொழிற்களமொன்று 1919இல் இனங்காணப்பட்டது. அங்கு செய்த கோடரிகள் பிரித்தானியாவின் தொலைவிடங்களிலும் கிடைத்துள்ளன. வட்டத்தை எழுப்பியோர் அக்கைவினைஞரின் நேர்வழித்தோன்றல்கள் என நிறுவ இயலாது. ஆயினும், ஆளற்றதாக இன்று தோன்றும் இம்மேட்டுநிலம் உழைப்பும் பண்டமாற்றமும் நிகழ்ந்த நிலம் என்பது தெளிவு.

அதே மலையை 19ஆம் நூற்றாண்டு முதல் கல்லுடைக்கும் தொழிலாளர் உடைத்தனர். அக்கல் நகரத் தெருக்களுக்கும் இருப்புப்பாதைகளுக்கும் சென்றது. மலையுச்சியிலிருந்த பிரைக்-அ-தினாஸ் என்னும் இரும்புக்காலக் கோட்டை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வாறே அழிந்தொழிந்தது. துரூயிதர் காலத்துக்கு உண்மையில் அண்மித்து நின்ற சின்னம் தெருக்கல்லாயிற்று. அவர்களுக்கு உரித்தல்லாத வட்டம் அவர்களது பெயரைச் சுமக்கின்றது.

பூசகரின் பெயர் நிலைக்க, கல்லைச் சுமந்தவர், கோடரி தீட்டியவர், மலையை உடைத்தவர் ஆகியோர் பெயரற்றுப் போயினர். 'நெடுங்கற்கள்' என்னும் வேல்ஸ் மொழிப் பெயரோ எவருக்கும் உரிமை கோராது, கண்டதை மட்டும் கூறுகின்றது. வரலாற்றாசிரியன் தொடங்கவேண்டிய இடமும் அதுவே.