மூட்டு மாற்றுக்குப் பின் மின் நரம்புத் தூண்டல்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் வலியைத் தணிக்க, தோலில் ஒட்டிய பட்டைகள் வழியே நரம்புகளுக்கு மெல்லிய மின்துடிப்புகளைச் செலுத்தும் முறை. மருத்துவமனையில் இதற்கு 'டென்ஸ்' என்று பெயர். விருதுநகர், சிவகாசிப் பக்கம் பிசியோதெரபிக்குப் போய்வருபவர்கள் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள்.

மின்சாரத்தால் வலியை அடக்குவது பழைய வழக்கம். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தலைவலிக்கும் கால்வலிக்கும் உயிருள்ள மின்திருக்கை மீனைப் பயன்படுத்தச் சொன்னார். அது ஏன் பலிக்கிறது என்பதற்கு 1965இல்தான் ஏற்கத்தக்க விளக்கம் கிடைத்தது. ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் அவ்வாண்டு வெளியிட்ட 'வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாடு', தொடுவுணர்வைச் சுமக்கும் தடித்த நரம்பிழைகள் தூண்டப்பட்டால் மெல்லிய இழைகள் கொண்டுவரும் வலிச்செய்தி தண்டுவடத்திலேயே மட்டுப்படும் என்றது. இடித்துக்கொண்ட காலை நாம் உடனே தேய்த்துவிடுவதும் இதே வழியில்தான் வலியைக் குறைக்கிறது. 1967இல் வாலும் வில்லியம் ஸ்வீட்டும் இதை மனிதரிடம் சோதித்துக் காட்டினர். 1970களில் கையடக்கக் கருவிகள் வந்தன. இன்றைய செயற்கை முழங்கால் உருப்பெற்றதும் அதே பத்தாண்டில்தான்.

மூட்டு மாற்றியவர்களிடம் இது எந்த அளவுக்கு உதவுகிறது? 2014இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வொன்று, அறுவைக்குப் பிந்தைய முதல் நாட்களில் காலை நீட்டும்போதும் நடக்கும்போதும் வலி குறைவதைக் கண்டது. ஆறாவது வாரத்தில் கூடுதல் பயன் தெரியவில்லை. அந்த நிம்மதியில் ஒரு பங்கு நம்பிக்கையால் வந்தது என்பதையும் ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர். ஆகவே இது வலிமாத்திரைக்கு மாற்று அல்ல, துணை. பட்டையை ஒட்டிக்கொண்டு கட்டிலில் படுத்திருப்பதைவிட, கரண்ட் ஓடும்போதே முழங்காலை மடக்கி நீட்டிப் பழகுவதில்தான் இதன் முழுப் பயன் இருக்கிறது.

சிவகாசி வட்டாரத்துக்கு இது முக்கியம். பட்டாசு, தீப்பெட்டி வேலையில் பெரும்பகுதி தரையில் உட்கார்ந்தே நடக்கிறது. நெடுநேரம் குத்துக்காலிட்டும் மண்டியிட்டும் வேலை செய்வோருக்கு மூட்டுத் தேய்மான வாய்ப்பு கூடுதல். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முழங்காலுக்கு விலை வரம்பு விதித்தது. மிகுதியாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகை சுமார் 54,720 ரூபாய்க்கு இறங்கியது. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆனால் வலி கடுமையாக இருக்கும் வாரங்களை நோயாளி கழிப்பது வீட்டில்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிசியோதெரபியை வீட்டுக்கே கொண்டுவந்ததால், கூலியை விட்டு வண்டியேற முடியாத குடும்பங்களுக்கு அத்திட்டம் பெரிய உதவி.

பட்டைகளைத் தையல்மேல் ஒட்டக் கூடாது. இருபுறமும் நல்ல தோலில் ஒட்ட வேண்டும். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மருத்துவர் அனுமதியின்றி இதைத் தொடக் கூடாது. கெண்டைக்காலில் புதிதாக வீக்கமும் வலியும் கண்டால் இரத்தம் உறைந்திருக்கலாம். அப்போது கரண்ட் வைக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.