ஃப்ராக்டல் படச் சுருக்கம்: பத்தாயிரத்திலிருந்து பதினாறுக்கு

1988 ஜனவரி ‘பைட்’ இதழில் மைக்கேல் பார்ன்ஸ்லியும் ஆலன் ஸ்லோனும் ஒரு கட்டுரை எழுதினர். பகுதிகள் முழுமையை ஒத்திருக்கும் வடிவங்களை ஆராயும் ஃப்ராக்டல் கணிதத்தைக் கொண்டு படங்களை 10,000 மடங்கு சுருக்க முடியும் என்பது அதன் அறிவிப்பு. அந்த எண் இந்த முறைக்குப் பெரும் புகழைத் தந்தது. பின்னர் அதுவே சுமையாகவும் ஆனது. இத்துறையின் உண்மையான சாதனை, அந்த எண்ணைக் கைவிட்ட பிறகே கிடைத்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

கணிதத்தின் வேர் பழையது. தொலைவுகளைச் சுருக்கிக்கொண்டே போகும் உருமாற்றம் எங்கிருந்து தொடங்கினாலும் ஒரே நிலைப்புள்ளியில் போய் முடியும் என்று 1922-இல் ஸ்டெஃபான் பனாக் நிறுவினார். இத்தகைய உருமாற்றங்கள் பல சேர்ந்தால் ஒரே ஓர் உருவத்தைத் தீர்மானிக்கும் என்று 1981-இல் ஜான் ஹட்சின்சன் காட்டினார். அட்லாண்டாவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய பார்ன்ஸ்லி, கேள்வியைத் திருப்பிப் போட்டார்: உருவம் கையில் இருக்கிறது, உருமாற்றங்களைக் கண்டுபிடிக்க முடியுமா? அவருடைய புகழ்பெற்ற பெரணி இலைக்கு நான்கு உருமாற்றங்களே போதுமாயின. ஒன்றுக்கு ஆறு எண்கள் வீதம் மொத்தம் 24 எண்கள்.

ஆனால் பெரணியின் ஒவ்வொரு சிற்றிலையும் முழு இலையின் சாயலில் இருக்கிறது. மனித முகம் அப்படியல்ல. எனவே ‘பைட்’ கட்டுரை காட்டிய வகைப் படங்களுக்கு, ஆள் உட்கார்ந்து படத்தைத் துண்டாக்கி உருமாற்றங்களைத் தேட வேண்டியிருந்தது. சிக்கலான வண்ணப் படம் ஒன்றைக் குறியாக்கம் செய்ய ஏறத்தாழ 100 மணி நேரம் பிடித்தது. இதைச் சுருக்கமுறை என்று சொல்வதைவிட, திறமையான கைவேலை என்பதே பொருந்தும்.

முடிச்சை அவிழ்த்தவர் பார்ன்ஸ்லியின் ஆய்வு மாணவர் ஆர்னோ ஜாக்கின். 1989-இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டிலும், 1992-இல் வெளியான கட்டுரையிலும் அவர் முன்வைத்த கருத்து எளியது: படத்தின் பகுதிகள் முழுப் படத்தை ஒத்திருக்க வேண்டியதில்லை; அதன் சிறு தொகுதி ஒவ்வொன்றும் அதே படத்தின் வேறொரு பெரிய தொகுதியை ஒத்திருந்தால் போதும்.

256 × 256 பிக்சல் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 8 × 8 தொகுதிகள் 1,024. ஒவ்வொன்றுக்கும் ஒத்த 16 × 16 தொகுதியைத் தேட வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று படிந்தவற்றையும் சேர்த்தால் அவை 58,081. திருப்பியும் கவிழ்த்தும் பார்க்க எட்டு வழிகள். மொத்தம் சுமார் 47.6 கோடி ஒப்பீடுகள். முடிவில் தொகுதிக்கு 31 பிட் எழுதினால் போதும்: இடத்துக்கு 16, திருப்பத்துக்கு 3, ஒளிர்வுக்கு 7, ஒளிவேறுபாட்டுக்கு 5. 65,536 பைட் இருந்த படம் 3,968 பைட்டில் அடங்குகிறது, அதாவது 16.5 மடங்கு. விரிக்கும்போது வெறும் கறுப்புத் திரையிலிருந்து தொடங்கினாலும், உருமாற்றங்களைப் பத்து முறை அளவில் செலுத்தினால் படம் எழுந்து வருகிறது. மனிதக் கை எங்கும் தேவைப்படவில்லை. பத்தாயிரத்தைவிட இந்தப் பதினாறையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

குறியாக்கம் கடினம், விரிப்பது எளிது என்ற இந்த ஏற்றத்தாழ்வு குறுந்தகட்டுக்குப் பொருந்தியது. ஒருமுறை சுருக்கினால் லட்சக்கணக்கானோர் பார்க்கலாம். 1993-இல் மைக்ரோசாஃப்டின் ‘என்கார்ட்டா’ கலைக்களஞ்சியம், பார்ன்ஸ்லியும் ஸ்லோனும் தொடங்கிய இட்டரேட்டட் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் முறையில்தான் படங்களைச் சேமித்தது. ஆனால் இணையத்திலும் கேமராவிலும் எழுதுவதும் படிப்பதும் ஒரே வேகத்தில் நடந்தாக வேண்டும். 1992-இல் தரநிலையாகிவிட்ட ஜேபெக் என்ற படச் சுருக்க முறை அதைச் செய்தது. காப்புரிமைகளும் சேர்ந்து ஃப்ராக்டல் முறையை ஒரே நிறுவனத்தின் வேலிக்குள் நிறுத்தின.

உருமாற்றங்களுக்கு பிக்சல் அளவு கிடையாது என்பதால் விரித்த படத்தைப் பெரிதாக்க முடிந்தது. ‘ஜெனுவின் ஃப்ராக்டல்ஸ்’ என்ற ஃபோட்டோஷாப் இணைப்பு அதையே விற்றது. அப்போது தெரியும் நுண்விவரம் கணக்கு உண்டாக்கியதே தவிர, கேமரா கண்டதல்ல. இட்டரேட்டட் சிஸ்டம்ஸ் பின்னாளில் மீடியாபின் எனப் பெயர் மாற்றிக்கொண்டு, படங்களைச் சேமித்து நிர்வகிக்கும் மென்பொருளுக்கு நகர்ந்துவிட்டது.