மூடா ஆற்றின் இரு கரைகள்

கெடா மாநிலத்தின் தென்மேற்கு எல்லையில் ஓடுவது மூடா ஆறு. இக்கரை கெடா, அக்கரை பினாங்கைச் சேர்ந்த செபராங் பிறை. வரலாற்றுப் பாடவேளையில் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, இருபுறமும் ஒரே மண், ஒரே மக்கள், நடுவில் எல்லை எதற்கு?" என்று வினவினான். உரிமையைப் பேசிய பேரரசு ஒன்று படையேந்தி நடந்த வழியைக் காணாமல் அவ்வினாவிற்கு விடை கூற இயலாது.

சயாமின் படையெடுப்பை அஞ்சிய கெடா சுல்தான் அப்துல்லா, ஆபத்தில் படைத்துணை கிடைக்கும் என நம்பிப் பினாங்குத் தீவை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளிக்க இசைந்தார். 1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் அங்குக் கொடியேற்றினார். தீவு வரியில்லாத் துறைமுகமாயிற்று. பல நாட்டு வணிகரோடு தமிழ் வணிகரும் வந்து குடியேறினர். வாணிக உரிமை தழைத்தது, படைத்துணையோ வரவில்லை. 1791இல் தீவை மீட்கச் சுல்தான் பிறையில் படை திரட்டியபோது, லைட் முந்திக்கொண்டு தாக்கி அதனைச் சிதறடித்தார். அதன்பின் ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் என உடன்பாடு எழுதப்பட்டது. 1800இல் எதிர்க்கரை நிலமும் கைமாற, தொகை 10,000 ஆயிற்று. எல்லை பிறந்த கதை இதுவே.

1821இல் சயாம் கெடாவைக் கைப்பற்றியது. 1826ஆம் ஆண்டின் பர்னி உடன்படிக்கையில் ஆங்கிலேயர் அதனை ஏற்றுக்கொண்டனர். 1838இல் கெடா மக்கள் சயாமை எதிர்த்து எழுந்தபோது, ஆங்கிலக் கப்பல்கள் கெடாக் கடற்கரையை மறித்து நின்றன. நண்பனென நம்பியவன் பகைவனுக்குக் காவல் நின்றான்!

அக்காலத்து இங்கிலாந்தில் உரிமைக்குக் குரல் கொடுத்தோர் இல்லையா எனின், இருந்தனர். 1833இல் நாடாளுமன்றம் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. ஆனால் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கு அச்சட்டம் பொருந்தாதென விலக்கி வைத்தது. தனிமனித உரிமையைப் பற்றி 1859இல் புகழ்பெற்ற நூலை வெளியிட்ட ஜான் ஸ்டூவர்ட் மில், முப்பத்தைந்து ஆண்டுகள் அக்கம்பெனியில் பணிபுரிந்தவர். நாகரிகம் அடையாதவர் எனத் தாம் கருதிய மக்களுக்கு, அவர்தம் முன்னேற்றமே நோக்கமாயின், எதேச்சாதிகாரம் தகும் என்பது அவர் கொள்கை. எவர் நாகரிகம் அடைந்தவர் என்பதை முடிவு செய்தவரோ ஆண்டவரே. வாளுக்கும் நூலுக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாடு இவ்விடத்தில்தான் மறைந்திருக்கிறது.

கெடாவிடமிருந்து பெற்ற செபராங் பிறையில் கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. அங்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டோர் நம் முன்னோர். அடிமை என்ற சொல் நீங்கிற்று. முன்பணக் கடனும், ஒப்பந்தத்தை மீறினால் சிறையும் நீங்கவில்லை. மலாயாவில் 1910இல் அம்முறை முடிவுற்றது. பிற குடியேற்ற நாடுகளிலும் அதனை ஒழிக்கக் கோரிக் கோகலே 1912இல் கொணர்ந்த தீர்மானம், அரசு உறுப்பினர்களின் வாக்குகளால் தோற்றது.

1909இல் கெடாவின் மீதான உரிமையைச் சயாம் பிரிட்டனுக்கு மாற்றித் தந்தது. சுல்தானின் கருத்து கேட்கப்படவில்லை. ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் வழியே தமிழர் வந்தனர். போருக்குப் பின், கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை எழுந்து கள்ளுக்கடைகளை எதிர்த்தது. தொழிலாளர் மானத்தோடு வாழ வேண்டுமென்றது. இங்கிலாந்தில் மதுவிலக்குச் சங்கங்கள் உரிமையோடு இயங்கிய காலம் அது. இங்கோ 1947இல் டப்ளின் தோட்டத்தில் போலீசார் சுட்டுத் தொழிலாளி ஒருவர் மாண்டார்.

உரிமை என்னும் கருத்தே பொய்யென நம் மாணவர் முடிவு செய்துவிடலாகாது. கோகலே பேசியதும் அக்கருத்தையே. தொண்டர் படை கேட்டதும் அதனையே. குற்றம் கருத்தில் இல்லை. "உனக்கு இன்னும் காலம் வரவில்லை" என்று கூறும் அதிகாரத்தில் இருக்கிறது. வரலாறு கற்பிக்கும் நாம், ஒவ்வோர் உடன்படிக்கையையும் படிக்கும்போது, அதில் எவருடைய குரல் விடுபட்டது என்று கேட்க மாணவரைப் பழக்குதல் வேண்டும். வகுப்பில் எழுந்து வினவிய அச்சிறுவனுக்கு நான் கூறிய விடையும் அதுவே.