ஒரு சண்டையும், சண்டைக்கு வெளியே எழுதப்பட்ட ஒரு கடிதமும்

லினக்ஸ் வரலாற்றைப் பத்தி யார் எழுதினாலும் 1992 ஜனவரி 29-ஆம் தேதியில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போவார்கள். அன்றைக்குத்தான் ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியராக இருந்த ஆண்ட்ரூ டேனன்பாம், யூஸ்நெட்டின் மினிக்ஸ் குழுவில் 'லினக்ஸ் காலாவதியாகிவிட்டது' என்று தலைப்பிட்டு ஒரு செய்தி போட்டார். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதே நாள் இரவு பதில் எழுதினார். பேராசிரியருக்கு வயது 47, மாணவருக்கு 22. லினக்ஸ் வெளியே தெரிய ஆரம்பித்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

பொதுவாக இந்தக் கதையை 'சின்னப் பையன் பெரிய வாத்தியாரை ஜெயிச்சான்' என்கிற மாதிரி சொல்லி முடித்துவிடுவார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். போன மாதம் வேறு எதையோ தேடப்போய், அந்த விவாதத்தை முதலிலிருந்து தேதி வரிசையில் படித்தேன். 1999-இல் வந்த 'ஓப்பன் சோர்சஸ்' தொகுப்பில் பின்னிணைப்பாகவே அச்சிட்டிருக்கிறார்கள். யார் ஜெயித்தார் என்பதைவிட இன்னொரு விஷயம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்த விவாதத்தில் ரொம்ப முக்கியமான கடிதம் அந்த விவாதத்திலேயே இல்லை. அதற்கு வருகிறேன்.

முதலில் அந்த இடம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிட வேண்டும். யூஸ்நெட் 1979-இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவர் மனதில் உருவானது. அடுத்த வருஷம் புழக்கத்துக்கு வந்தது. அதற்குத் தலைமையகம் கிடையாது. ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி, ராத்திரி ஃபோன் கட்டணம் குறையும் நேரம் பார்த்து, இன்னொரு பல்கலைக்கழகத்தின் கணினிக்கு டயல் செய்யும். சேர்ந்திருக்கும் செய்திகளைக் கொடுத்துவிட்டு, அங்கே இருப்பதை வாங்கிக்கொள்ளும். இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் ஒரு செய்தி உலகம் சுற்றும். ஒருத்தர் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் யாரோ முன்பின் தெரியாத பல நிறுவனங்கள் ஃபோன் பில் கட்டின.

அங்கே வளர்ந்த மரியாதை விதிகளில் பாதி இந்த ஃபோன் பில்லில் பிறந்தவை. கையொப்பம் நாலு வரிக்கு மேல் போகக்கூடாது. அடுத்தவர் எழுதியதை முழுசாக மேற்கோள் காட்டக்கூடாது, தேவையான வரியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்ட வேண்டும். புதிதாக எழுதியதைவிட மேற்கோள் அதிகமாக இருந்தால் சில மென்பொருள்கள் செய்தியையே திருப்பி அனுப்பிவிடும். நம்ம ஆட்கள் சும்மா இருப்பார்களா? கணக்கைச் சரிக்கட்ட அர்த்தமில்லாத வெற்று வரிகளைக் கடைசியில் சேர்த்து அனுப்பினார்கள். பிற்பாடு பெர்ல் மொழியை உருவாக்கிய லாரி வால், 1984-இல் எழுதிய செய்தி வாசிக்கும் மென்பொருளோடு சேர்ந்து வந்த அனுப்பும் நிரல் இன்னும் நேரடியாகவே கேட்கும்: இந்தச் செய்தி ஆயிரக்கணக்கான கணினிகளுக்குப் போகப்போகிறது, நூற்றுக்கணக்கான டாலர், ஏன் ஆயிரக்கணக்கிலும் செலவாகலாம், தெரிந்துதான் அனுப்புகிறீர்களா என்று. இன்றைக்கு அப்படி ஒரு கேள்வி நம் ஃபோனில் வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

அந்தச் சிக்கனத்தில் பிறந்த இன்னொரு விதிதான் நம் கதைக்கு முக்கியம். ஒரே ஒருவருக்குச் சொல்ல வேண்டியதை ஊருக்கெல்லாம் சொல்லாதே, அவருக்குத் தனியாக மின்னஞ்சல் போடு. சக் வான் ரோஸ்பாக் எழுதி, புதியவர்களுக்காகத் திரும்பத் திரும்ப வெளியிடப்பட்ட வழிகாட்டியிலும் இது இருந்தது. எதிரே இருப்பது எந்திரம் இல்லை, மனுஷன்தான் என்பதை மறக்காதே என்பதும் அதே வழிகாட்டியில்தான் வருகிறது. காசு மிச்சம் பிடிக்க வந்த பழக்கம், ஒருத்தரை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தாமல் திருத்துவதற்கும் வழியாகிவிட்டது.

முகம் தெரியாமல் பேசுவதில் இருந்த சிக்கல் அவர்களுக்கு இதற்கு முன்பே புரிந்திருந்தது. 1982-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், லிஃப்டில் பாதரசம் சிந்திவிட்டது என்று ஒருவர் வேடிக்கையாக எழுதப்போய், சிலர் அதை நிஜமான எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து வந்த பேச்சில்தான் ஸ்காட் ஃபால்மன், செப்டம்பர் 19-ஆம் தேதி, முக்காற்புள்ளி, சிறு கோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்து, படுக்க வைத்த ஒரு சிரிப்பைப் போட்டு, வேடிக்கைக்கு இதை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம் என்றார். இந்தச் சிரிப்பும் நம் கதையில் திரும்ப வரும்.

சரி, சண்டைக்கு வருவோம். டேனன்பாம் 1987-இல் பாடப்புத்தகம் ஒன்றோடு சேர்த்து வெளியிட்ட இயங்குதளம் மினிக்ஸ். லினஸ் அதைப் படித்து, அதன்மேல் வேலை செய்துதான் லினக்ஸை எழுதினார். 1991 ஆகஸ்டில் அவர் தன் முயற்சியை முதலில் சொன்னதும் இதே மினிக்ஸ் குழுவில்தான். அதாவது, வாத்தியார் வீட்டுத் திண்ணையிலேயே பையன் தனிக்கடை போட்டுவிட்டான். மினிக்ஸ் குழுவில் லினக்ஸ் பேச்சு பெருகப் பெருக, அங்கே இருந்தவர்களில் சிலருக்கு எரிச்சல் ஏறிக்கொண்டிருந்தது. டேனன்பாம் சில வாரங்கள் அமெரிக்கா போயிருந்து, திரும்பி வந்ததும் எழுதினார்.

அவர் சொன்னது இரண்டு விஷயம். ஒன்று, வடிவமைப்பு. ஒரு கல்யாணச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். சாதம் ஒரு கொட்டகை, சாம்பார் ஒரு கொட்டகை, பாயசம் ஒரு கொட்டகை என்று பிரித்து, நடுவில் ஒருவர் செய்தி மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் அது மைக்ரோகெர்னல். ஒரு கொட்டகை தீப்பிடித்தாலும் மற்றது தப்பிக்கும். எல்லாரும் ஒரே கூடத்தில் நின்று கரண்டியைக் கை மாற்றிச் சமைத்தால் அது லினக்ஸ் வழி. வேகம் அதிகம், விபத்தும் மொத்தமாக வரும். 1991-இல் போய் இப்படி எழுதுவது எழுபதுகளுக்குத் திரும்புவது என்றார் டேனன்பாம். இரண்டாவது, லினக்ஸ் இன்டெல் 386 சிப்போடு கட்டிப்போடப்பட்டிருக்கிறது, அந்த வம்சமே சீக்கிரம் மறைந்துவிடும் என்றார்.

லினஸ் பதிலில் விஷயமும் இருந்தது, விஷமும் இருந்தது. கொள்கை அளவில் மைக்ரோகெர்னல்தான் அழகு என்று அவரே ஒப்புக்கொள்கிறார், பலரும் கவனிக்காமல் விடும் வரி இது. ஆனால் நடைமுறையில் மினிக்ஸைவிட லினக்ஸ் எவ்வளவோ மேல் என்கிறார். நீங்கள் காசு வாங்குகிறீர்கள், நான் சும்மா கொடுக்கிறேன் என்கிறார். கடைசியில், மினிக்ஸில் இருக்கும் மூளைக்கோளாறுகளுக்கு, நீங்கள் பேராசிரியராக வேலை பார்ப்பது நல்ல சாக்கு என்ற பொருளில் ஒரு குத்து. மறுநாள் டேனன்பாம் திருப்பிக் கொடுத்தார்: நீ என் மாணவனாக இல்லாதது உன் அதிர்ஷ்டம், இந்த வடிவமைப்புக்கு நல்ல மார்க் கிடைத்திருக்காது.

எல்லாரும் மேற்கோள் காட்டுவது இதுவரைதான். அதே ஜனவரி 30-ஆம் தேதி, சில மணி நேரம் கழித்து, லினஸ் போட்ட இன்னொரு செய்தி இருக்கிறது. தலைப்பிலேயே மன்னிப்பு என்று இருக்கிறது. நாகரிகம், இணைய மரியாதை எதையும் நினைக்காமல் பதில் எழுதிவிட்டேன், டேனன்பாமிடம் மன்னிப்புக் கேட்கிறேன், அவருக்குத் தனியாகவும் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்கிறார். கூடவே ஒருவருக்கு நன்றி சொல்கிறார். இப்படிச் செய்யக்கூடாது என்று நட்போடு தனக்குக் கடிதம் எழுதியவருக்கு.

அந்தக் கடிதம் பொதுவில் இல்லை. ஊரே கூடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒருத்தர் மட்டும் கூட்டத்தில் சேர்ந்து கத்தாமல், பையனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். ஒரு நாளுக்குள் பலன் தெரிந்துவிட்டது. அடுத்த நாள், மார்க் பற்றிய குத்துக்கு லினஸ் எழுதிய பதிலைப் பாருங்கள். நீங்கள் இல்லாமலேயே எனக்கு நல்ல மார்க் வராது, இங்கே இந்தப் பாடம் நடத்துகிறவரோடும் வேறொரு விஷயத்தில் வாக்குவாதம் பண்ணிவிட்டேன், எப்போதுதான் புத்தி வருமோ என்று எழுதி, பக்கத்தில் ஃபால்மனின் அந்தப் படுத்த சிரிப்பைப் போடுகிறார். தொனியே மாறிவிட்டது. விவாதம் பிப்ரவரியிலும் நடந்தது. யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சனே வந்து ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். எதிர்காலம் மைக்ரோகெர்னல் பக்கம் இருக்கலாம், ஆனால் ஒற்றைக் கெர்னலை எழுதுவது சுலபம், அது சீக்கிரம் குழம்பிப்போவதும் சுலபம் என்று. இரண்டு பக்கமும் சாயாத பதில்.

எனக்கும் இப்படி ஒரு கடிதம் வந்ததுண்டு. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு மின்னஞ்சல் குழுவில், எழுத்துரு விஷயமாக என்னைவிட மூத்த ஒருவரைக் கன்னாபின்னாவென்று எழுதிவிட்டேன். இன்னொரு பெரியவர் தனியாக ரெண்டே வரி போட்டார்: "தம்பி, நீங்க சொல்றது சரிதான். ஆனா சொன்ன விதத்துல அது யாருக்கும் கேக்கல." குழுவிலேயே அதைச் சொல்லியிருந்தால் அவரோடும் சண்டை போட்டிருப்பேன், சந்தேகமே இல்லை.

முன்கணிப்புகளில் டேனன்பாம் சறுக்கினார். ஐந்து வருஷத்தில் எல்லாரும் ஸ்பார்க் கணினியில் இலவச க்னூ ஓட்டிக்கொண்டிருப்பார்கள் என்றார், 386 வம்சம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. ஆனால் 2004-இல் நடந்ததைப் பாருங்கள். வாஷிங்டன் சிந்தனைக் குழு ஒன்றைச் சேர்ந்த கென் பிரவுன் என்பவர், லினக்ஸை லினஸ் தானாக எழுதியிருக்க முடியாது என்கிற ரீதியில் ஒரு புத்தகம் தயாரித்தார். அதற்காக ஆம்ஸ்டர்டாமுக்கே போய் டேனன்பாமைப் பேட்டி எடுத்தார். பழைய பகை இருக்கும், ஏதாவது தேறும் என்று நினைத்திருப்பார் போல. டேனன்பாமோ உடனே விரிவாக எழுதி, லினஸ்தான் எழுதினார், சந்தேகமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வடிவமைப்பு தப்பு என்ற கருத்தை மட்டும் விடவில்லை.

இதற்குப் பிறகான லினஸ் கதை எனக்கு அவ்வளவு சந்தோஷம் தருவதில்லை. கெர்னல் குழுவில் அவருடைய வசவுகள் பிரசித்தம். 2012 டிசம்பரில், பயனர் நிரல்களை உடைக்கும் ஒரு மாற்றத்தை நியாயப்படுத்திய பராமரிப்பாளர் ஒருவரை, வாயை மூடு என்று உலகமே படிக்கும்படி திட்டினார். தொழில்நுட்ப ரீதியில் லினஸ் பக்கம்தான் நியாயம் இருந்தது. இதைச் சொல்லியே பலர் அவருக்கு வக்காலத்து வாங்கினார்கள்: கறாராகத் திட்டுவதால்தான் கெர்னல் தரமாக இருக்கிறது, 1992-லும் அவர் இப்படித்தானே இருந்தார் என்று.

இல்லை என்பது என் எண்ணம். 1992-இல் ஒரு மாணவர் தன்னைவிட இருமடங்கு வயதான பேராசிரியரைத் திட்டினார், நஷ்டம் வந்தால் அவருக்குத்தான். 2012-இல் திட்டுகிறவர் கையில்தான் யாருடைய நிரல் உள்ளே போகும் என்ற முடிவும் இருந்தது. வாங்கிக்கொண்டவருக்குத் திருப்பிச் சொல்லும் வசதி கிடையாது. இன்னொன்று, 1992-இல் லினஸுக்குத் தனிக் கடிதம் எழுத ஓர் ஆள் இருந்தார். இருபது வருஷம் கழித்து அவர் பெயரே ஒரு நிறுவனம் ஆன பிறகு, அந்த வேலையை யார் செய்வது? 2013-இல் யூஎஸ்பி 3.0 பகுதியைக் கவனித்த நிரலாளர் பொதுவிலேயே கேட்டார். பலன் இல்லை, 2015-இல் அவர் கெர்னல் வேலையை விட்டதை வெளியே சொன்னார். அதே வருஷம் 'முரண்பாட்டு நெறி' என்ற பெயரில் வந்த ஆவணம், உங்கள் நிரலைத்தான் விமர்சிப்போம், தாங்கிக்கொள்ளுங்கள் என்கிற தோரணையில்தான் ஆரம்பித்தது.

2018 செப்டம்பர் 16 அன்று, புதிய கெர்னல் பதிப்பு ஒன்றின் அறிவிப்புக்குள்ளேயே லினஸ் மறுபடி மன்னிப்புக் கேட்டார். மற்றவர்களின் உணர்வு புரியாமல் இத்தனை காலம் இருந்துவிட்டேன், என் தனிப்பட்ட தாக்குதல்கள் தேவையில்லாதவை என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நாள் ஒதுங்கினார். கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் வேலையைப் பார்த்துக்கொண்டார். பழைய ஆவணம் போய் முறையான நடத்தை விதிகள் வந்தன. 'நியூயார்க்கர்' பத்திரிகை இதே விஷயத்தைத் துருவிக்கொண்டிருந்த நேரம் அது, அதனால் மன்னிப்பை நம்பாதவர்களும் உண்டு. அக்டோபரில் அவர் திரும்பி வந்தார். முதல் மன்னிப்புக்கு ஒரு நாள் ஆனது, இரண்டாவதற்கு ஏறக்குறைய 26 வருஷம்.

டேனன்பாம் பற்றி ஒரு துணுக்கு மிச்சம் இருக்கிறது. 2017-இல், இன்டெல் தன் சிப்களுக்குள் இருக்கும் நிர்வாகப் பகுதியில் மினிக்ஸை ஓட்டிக்கொண்டிருப்பது வெளியே தெரியவந்தது. அதாவது 1992-இல் தோற்றுப்போனதாகச் சொல்லப்பட்ட மினிக்ஸ், லினக்ஸ் ஓடும் எத்தனையோ கணினிகளுக்கு அடியிலேயே சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. அதன் உரிமத்தின்படி இன்டெல் யாரிடமும் கேட்கவோ சொல்லவோ தேவையில்லை. டேனன்பாம் இன்டெலுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். காசு கேட்கவில்லை, வழக்குப் போடவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லைதான், ஆனாலும் வேலை முடிந்ததும் ஒரு மரியாதைக்காகத் தகவல் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மட்டும் அதில் சொல்லியிருந்தார்.